பந்துப்பூச் செடிக்கு நாலடி

தோட்டத்தில் எனக்குக் கயிறு பிடிக்கிற வேலை. புதுமலையில் தேயிலைக் கன்று நடுவதற்கு முன்னால் சரிவில் கயிறு கட்டி, குழி வெட்ட வேண்டிய இடங்களில் குச்சி அடித்துக்கொண்டே போக வேண்டும். வரிசைக்கு வரிசை நாலடி. ஒரு விரல் கூடினால் கங்காணி கத்துவார். அவர் கத்துவதற்கு முன்னால் நானே கத்திவிடுவேன். நடுகை இல்லாத மாதங்களில் கவ்வாத்து வெட்டப் போவேன். கவ்வாத்து என்றால், முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டிவிடுவது. அப்படி வெட்டினால்தான் புதுத் துளிர் அடர்த்தியாக வரும். அதிலும் என் கை சுத்தம். நான் வெட்டிய செடிகளின் மேல் பலகையைப் போட்டு நடந்து போகலாம் என்பார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எனக்குப் பெருமை எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

என் தங்கைக்குப் புருஷன் இறந்தபோது இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. அவர் அட்டன் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற ஆள். ஒரு சேலை எடுக்க வந்தவளிடம் இருபது சேலையை விரித்துக் காட்டிவிட்டு, அவள் எதுவும் வேண்டாம் என்று போனாலும் முகம் கோணாமல் மடித்து வைப்பார். மஞ்சள்காமாலை முற்றி டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். வார்டு ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பூச்செடிகள் இருந்தன. நூறு சின்னப் பூக்கள் சேர்ந்து குழந்தையின் தலை அளவுக்கு ஒரு பந்தாக நிற்கும். நல்ல நீலம். இங்கிலீஷில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டாம். எங்களுக்கு அது பந்துப்பூ. படுத்த இடத்திலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அவர், "வீட்டுக்குப் போனதும் நம்ம வாசல்லயும் இத வைப்போம் புள்ள" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் தனியாக டிக்கோயாவுக்குப் போய், ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் கேட்டு ஏழு குச்சிகள் வெட்டி வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேராக எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்துவிட்டாள். புரட்டாசி மாதம், விடாத மழை. ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் அந்தச் சாக்கு. என் மனைவி பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். தங்கை கொடுத்தது சாக்கை.

"இதப் பாத்து வைங்க மதினி. பெட்டிய நானே கொண்டாறேன்."

எங்களுடையது லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி அறை. அதனால் முன்னால் இஸ்தோப்புத் திண்ணையை ஒட்டிப் பன்னிரண்டு அடி மண்ணும், பக்கவாட்டில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வரைக்கும் இறங்குகிற ஒரு துண்டு நிலமும் எங்களுக்கு இருந்தன. மறுநாள் நான் மலையிலிருந்து திரும்பி வருவதற்குள் அவள் ஏழு குச்சியையும் இஸ்தோப்புக்கு நேர் எதிரே ஊன்றிவிட்டாள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒன்றரைச் சாண்கூட இல்லை.

"என்ன இது, கீரைப் பாத்தியா?" என்றேன்.

"நெருக்கமா இருந்தாத்தான் அண்ணே, அங்க மாதிரி ஒரே பூவா தெரியும்."

"தெரியும், தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எல்லாம் அழுகிப் போவும்."

"நீங்க வாயக் கழுவிட்டு வந்து டீத்தண்ணியக் குடிங்க" என்றாள் என் மனைவி. "எல்லாத்துக்கும் கயித்தத் தூக்கிக்கிட்டு வந்துருவீங்க."

அன்றைக்கு விட்டுவிட்டேன். ஏழும் பிழைத்துத் துளிர்த்தன. காலையில் நாங்கள் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்குப் புறப்படும்போது அவள் அந்த மண்ணருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் போன பிறகு அவள் எதையாவது அக்கறையாகப் பார்த்தாள் என்றால் அதைத்தான்.

இந்த இடத்தில் அவளுடைய கடதாசி விவகாரத்தை, எந்த நாட்டுக்காரி என்கிற பத்திர விவகாரத்தை, சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்ததும் தோட்டத்து ஆட்களின் பிரஜா உரிமையைப் பறித்துவிட்டதால், இந்தியாவுக்கோ இந்த நாட்டுக்கோ ஆளாளுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊரில் தாயார் படுக்கையில் கிடக்கிறார் என்று, போய்ப் பார்த்து வருவதற்காக இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார். அதிலேயே பெண்சாதி பெயரையும் சேர்த்திருந்தார். அதோடு இரண்டு பேரும் இந்த நாட்டில் பெர்மிட்டில் தவணைக்கு இருக்கிற வெளியாட்களாகிவிட்டார்கள். நான் வேறு ரகம். இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டும் என்று மனுப் போட்டு, அது தள்ளுபடியாகி, எந்த நாட்டுக்காரனும் இல்லாமல் நின்றேன். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே லயத்தில் வளர்ந்த இரண்டு பேர். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடை முதலாளி ஒரு முஸ்லிம். தமிழ் பேசுகிற, நிதானமான மனிதர். இறந்தவரின் கடதாசிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு இரண்டு தடவை போய் வந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கே வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து, தங்கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தச் சித்திரை இல்ல, அதுக்கடுத்த சித்திரை முடிய இங்க இருக்கலாம்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நீட்ட மாட்டாங்களாம். புருஷன் வீட்டு ஆளுங்க துறையூர் பக்கம் இருக்காங்க. அவங்களுக்கு எழுதிப் போடுறது நல்லது."

அவர் போன பிறகு தங்கை அழவில்லை. செடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "போறதுக்குள்ள ஒரு தடவ பூத்துட்டாப் போதும் அண்ணே. அவரு கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள்.

"போறதாவது? யார் போறது? எல்லாம் நீட்டுவான். இதெல்லாம் கடதாசி வேலை" என்று நான் எரிந்து விழுந்தேன்.

வைகாசி மாதம் பிறந்தது. செடிகள் முழங்காலுக்கு வந்திருந்தன. நான் சொன்னது போலவே இலைகள் ஒன்றோடொன்று முட்டி, உள்ளே காற்றுப் போகாமல், அடி இலைகளில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு நாள் அவள் ஏதோ கையெழுத்துப் போட அட்டனுக்குப் போயிருந்தாள். நல்ல மழை ஈரம், இடம் மாற்றி நடுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. மலையிலிருந்து கயிற்றைக் கொண்டுவந்து கட்டினேன், குச்சி அடித்தேன், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டினேன். ஏழு செடியையும் வேர் மண்ணோடு பெயர்த்து நாலடிக்கு ஒன்றாக வைத்தேன். முன்பக்கப் பன்னிரண்டு அடிக்கு நாலு செடிதான் பிடித்தது. மீதி மூன்றைப் பக்கவாட்டில் கானை நோக்கி இறக்கினேன். நட்டு முடித்துக் கயிற்றைச் சுருட்டிவிட்டு நின்று பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அவள் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றாள். முன்னால் ஒரு தடவை பார்த்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இஸ்தோப்புல ஒக்காந்தா அந்த மூணும் கண்ணுக்கே தெரியாதே அண்ணே."

"எந்திரிச்சுப் போய்ப் பாரு. காலு இருக்குல்ல?"

"நாலடி தள்ளி வச்சிருக்கீங்களே, ஒண்ண ஒண்ணு எட்டிப் புடிக்க எத்தன வருஷம் ஆகும்?"

"மூணு வருஷம். மூணே வருஷத்துல பாரு, எப்பிடி வந்து நிக்கிதுன்னு."

"எனக்கு மூணு வருஷம் இல்லியே அண்ணே" என்றாள்.

சொல்லிவிட்டு ஈரச் சேலையை மாற்ற உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் சண்டை போடுகிறவள் இல்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அளவு பைத்தியம் என்று என் மனைவி சொல்வாள். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், நெருக்கி நட்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நெருக்கி நடுகிறவர்கள் சீக்கிரம் புறப்படப் போகிறவர்கள். அவள் புறப்படப் போகிறாள் என்பதை அந்த ஏழு செடியும் தினமும் என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தன. நாலடி விட்டு நட்டுவிட்டால் அவள் இருந்தே ஆக வேண்டும் என்பது போல ஏதோ ஒரு புத்தி. அதை வாய்விட்டு அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, குழி வெட்டத்தான் தெரிந்தது.

இடம் மாறிய அதிர்ச்சியில் செடிகள் இரண்டு மாதம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அவள் விடவில்லை. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் பிடித்து வந்து ஊற்றினாள், மாட்டுப்பட்டியிலிருந்து சாணம் அள்ளி வந்து போட்டாள். ஆவணிக்குள் தேறிவிட்டன. மார்கழியில் இடுப்புயரம் வந்துவிட்டது. ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தடித்த முனை. சித்திரைக்கு நாலு மாதம் இருந்தது. "இந்தத் தடவ பூத்துரும் மதினி" என்று அவள் என் மனைவியிடம் சொன்னதைக் கேட்டேன். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. புருஷன் போன பிறகு அதைக் கேட்டது அன்றுதான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். வைகாசியில் செய்ததற்கு ஈடாக இருக்க வேண்டும். தோட்டத்தில் அப்போது கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. இந்தச் செடிகளோ தாறுமாறாக ஆளுக்கொரு உயரமாக நின்றன. ஒரு கிளைக்கு ஒரு பூ என்றால் என்ன கணக்கு? ஒரு வெட்டுக் கொடுத்தால் ஒரு கிளை நாலாகும், நாலிலும் பூ வரும், சித்திரையில் இலையே தெரியாமல் நீலமாக நிற்கும், அவள் அசந்து போவாள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவள் குடத்தோடு பீலிக்குப் போன நேரம் பார்த்துக் கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். ஏழு செடிக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் பிடித்திருக்காது. முழங்கால் உயரம், ஒரே மட்டம்.

எனக்குத் தெரிந்த ஒரே செடி தேயிலை. தேயிலையில் நமக்கு வேண்டியது இலை. அது பூத்தால் குறை. பூவுக்கு விட்டால் கொழுந்து வராது என்றுதான் வெட்டி வெட்டி வைக்கிறோம். பிறந்ததிலிருந்து ஒரு செடி பூக்காமல் இருப்பதற்காகவே கத்தி பிடித்த கை என்னுடையது. அந்தக் கையோடு பூச்செடிக்கு உதவி செய்யப் போனேன்.

அவள் திரும்பி வந்தாள். இடுப்பிலிருந்த குடத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள். தரையில் கிடந்த நுனிகளில் ஒன்றை எடுத்து, அந்தத் தடித்த முனையை நகத்தால் கீறிப் பிளந்து என் கையில் வைத்தாள். உள்ளே பச்சையாக, கேழ்வரகு மணி அளவில், நெருங்கி நெருங்கி ஒரு கொத்து. அந்தப் பந்து முழுவதும் அதற்குள் இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். தரையில் எத்தனை நுனி கிடக்கிறது என்று பார்த்தேன்.

"நல்லாத்தான் வெட்டிருக்கீங்க அண்ணே. ஒரே மட்டமா இருக்கு" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வெட்டுப்பட்டதையெல்லாம் கூட்டி அள்ளிக் கான் ஓரம் கொண்டு போட்டாள். நான் கத்தியைக் கழுவப் போகிறவன் மாதிரி பீலிப் பக்கம் போய், திரும்பி வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.

மாசி, பங்குனி, சித்திரை. அந்த மூன்று மாதமும் நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து லயமே சிரித்திருக்கும். வேலை விட்டு வந்ததும் தண்ணீர் ஊற்றுவேன். புற்று மண் கொண்டுவந்து போட்டேன். துரை பங்களாத் தோட்டக்காரரைத் தேடிப் போய் இந்தச் செடியைப் பற்றிக் கேட்டேன். பழைய கிளையின் நுனியில்தான் அது பூக்கும், வெட்டினால் அந்த வருஷம் போனதுதான் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டார். நான் எதிர்பார்த்தது போலவே ஒரு கிளை நாலானது. நாலிலும் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு இலைகள். அவ்வளவு செழிப்பு. ஒரு மொட்டுக்கூட இல்லை.

பங்குனிக் கடைசியில் அட்டனுக்குப் போய் முதலாளியைக் கண்டேன். "இன்னொரு வருஷம் நீட்ட ஏதாவது வழி பாருங்க முதலாளி" என்று கைகூப்பினேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, ஏற்கெனவே மூன்று தடவை எழுதிப் போட்டதையும், மூன்று தடவையும் வந்த பதிலையும் எடுத்துக் காட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு பூவுக்காக ஒரு வருஷம் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சித்திரை முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் புறப்பட்டாள். வாசலைக் கடக்கும்போது செடிகளைத் தொடவில்லை. பக்கவாட்டில் இருந்த மூன்றையும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். அட்டன் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற நேரம் கொஞ்சம். பொல்காவலையில் இறங்கி மன்னார் வண்டிக்கு மாற வேண்டும், அங்கிருந்து கப்பல். அதற்கெல்லாம் துணையாக முதலாளி தெரிந்த குடும்பம் ஒன்றைச் சேர்த்து விட்டிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாக நெஞ்சில் வைத்திருந்தேன். சொன்னது என்ன தெரியுமா? "பொட்டியக் கட்டத் தெரியல ஒனக்கு, இந்தக் கயித்துல என்ன முடிச்சு இது" என்று கத்தி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்த முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். ரயில் நகர்ந்தது.

"பூத்தா எழுதுங்க அண்ணே" என்றாள்.

என் மனைவி லயத்துக்கு வந்ததும், "ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?" என்றாள்.

அடுத்த சித்திரையில் ஏழு செடியும் பூத்தன. ஒன்றிரண்டு அல்ல. நான் வெட்டியதால் நாலாகப் பிரிந்த கிளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. தேயிலை மண்ணின் புளிப்புக்கு அது இன்னும் கடும் நீலமாக வரும் என்று பங்களாத் தோட்டக்காரர் சொன்னார். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து பெண்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவேன், குனிந்துகொண்டு வெளியே வருவேன்.

அந்த மாதமே அவள் கடிதம் வந்தது. மாமியார் வீட்டில் எல்லோரும் சுகம், வெயில்தான் தாங்கவில்லை, கிணறு தூரம். கடைசி வரியில், பூத்துச்சா அண்ணே?

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன், கடிதம் நானே எழுதுவேன். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் போன மறு வருஷமே பூத்தது என்று எழுதினால் அவள் மனம் என்ன பாடுபடும்? ஒரு வருஷம் தப்பிப் போனதே, அண்ணன் கத்தியை எடுக்காமல் இருந்திருந்தால் கண்ணால் பார்த்திருப்பேனே என்று நினைக்க மாட்டாளா? அவளுக்காகத்தான் யோசித்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இன்னும் பூக்கவில்லை" என்று எழுதினேன்.

"ஏன் பொய் எழுதுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒனக்குத் தெரியாது. சும்மா இரு."

அடுத்த கடிதத்திலும் கேட்டாள். பனி கருக்கிவிட்டது என்று எழுதினேன். அதற்கடுத்த தடவை, மொட்டு வைத்தது, மாடு வந்து மேய்ந்துவிட்டது என்று எழுதினேன். பொய்க்குப் பஞ்சமே இல்லை. இப்படியே இரண்டு வருஷம் போனது. வெளியே செடிகள் அகலித்துக்கொண்டே வந்தன. இடம் மாற்றி நட்டு மூன்று வருஷம் ஆன வைகாசியில் ஒன்றின் இலை மற்றதைத் தொட்டது. எட்டித் தொட்டும் நெருக்கவில்லை, பூசணம் இல்லை, நடுவே காற்றுக்கு வழி இருந்தது. நான் சொன்ன அளவு சரியாகவே இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவள் துறையூர் பக்கத்தில் ஏதோ ஒரு கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் முதலாளி துணி எடுக்க மதுரைக்குப் போனார். புறப்படுவதற்கு முன்னால் எங்கள் லயத்துக்கு வந்து, தங்கைக்கு ஏதாவது கொடுத்தனுப்புகிறோமா என்று கேட்டார். என் மனைவி தேயிலைத் தூள் கட்டிக் கொடுத்தாள். அவர் வாசலில் நின்று பூவைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், ஆஸ்பத்திரியிலகூட இப்பிடி இல்லியே" என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ள வாய் வந்தது. அந்த நல்ல மனிதரிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

ஒரு மாதம் கழித்து வந்தார். கையோடு கொண்டுவந்த கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார். தங்கை பேசுவது போலத்தான் எழுதுவாள். அதை அவள் எழுத்திலேயே தருகிறேன்.

"அண்ணே, மொதலாளி வந்தாங்க. ஏழு செடியும் பூத்து வாசலே நீலமா இருக்குன்னு சொன்னாங்க. கேட்டதும் அழுதுட்டேன், சந்தோசத்துல. நீங்க வெட்டுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல அண்ணே, அன்னைக்கும் இல்ல. எனக்காகத்தான் வெட்டுனீங்கன்னு தெரியும். ஆனா பூக்கல பூக்கலன்னு ஏன் எழுதுனீங்க? இங்க என் கைய ராசியில்லாத கைன்னு சொல்றாங்க. நான் தொட்டா விதை நெல்லு மொளைக்காதுன்னு விதைப் பொட்டியத் தொட விட மாட்டாங்க. மொதல்ல எனக்கு அது பொய்யின்னு தெரியும். ஏழு குச்சி வச்சேன், ஏழும் பொழச்சுச்சே, அதை நெனச்சுக்குவேன். அப்புறம் உங்க கடுதாசி வந்துக்கிட்டே இருந்துச்சு. அவரு ஆசப்பட்ட செடியே என் கைபட்டுப் பூக்கல, இவங்க சொல்றது நெசந்தான் போலன்னு நானும் நம்பிட்டேன். இங்க கொல்லையில எவ்வளவோ எடம் சும்மா கெடக்கு. ரெண்டு வருசமா நான் ஒரு செடி வைக்கல அண்ணே."

அதைப் படித்துவிட்டு நான் என் மனைவியின் முன்னால் அழுதேன். தங்கை இடம் மாறக்கூடாது என்று நினைத்தபோது இடைவெளியை நான் முடிவு செய்தேன். அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தபோது உயரத்தை நான் முடிவு செய்தேன். அவள் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் நானே முடிவு செய்தேன். ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை.

அடுத்த ரயிலில் ஏறிப் போய், அவள் மாமியார் வீட்டு வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வர வேண்டும் என்று இருந்தது. கடல் தாண்டிப் போக என்னிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. போனாலும் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

அதனால் அன்று பின்னேரமே உட்கார்ந்து எழுதினேன். ஏழு செடியும் நீ போன மறு வருஷமே பூத்தது என்று எழுதினேன். பனியும் இல்லை, மாடும் இல்லை, சொன்னதெல்லாம் பொய் என்று எழுதினேன். வெளியே போய் ஒவ்வொரு செடியாக எண்ணிவிட்டு வந்து, எதில் எத்தனை பந்து என்று எழுதினேன். உன் கை நல்ல கை என்று எழுதினேன். அவள் என் வீட்டில் இருந்த ஒன்றரை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

பதில் வந்தது. எல்லோரும் சுகம், தேயிலைத் தூள் நன்றாக இருந்தது, மதினிக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் வந்த கடிதங்களிலும் அப்படித்தான். பூத்ததா என்று அவள் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.